மகள் கண்டெடுத்த பர்ஸை ஒப்படைத்த அனுபவம்

கீழே கிடந்த பணத்தைக் குழந்தை எடுத்துக்கொண்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், "கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்" என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். யாரிடம் கொடுப்பது, வாங்கிக்கொள்ள வேண்டியவர்களே "எதுக்கு வம்பு, நீங்களே வச்சுக்கோங்க" என்றால் என்ன செய்வது, இதற்கு நடுவில் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. என் மகளுக்கு ஒன்பது வயதில் அப்படி ஒரு பர்ஸ் கிடைத்தது. இதே நிலைமையில் மாட்டிக்கொள்ளும் வேறு அம்மா அப்பாக்களுக்கு உதவட்டும் என்று, அதை ஒப்படைத்து முடித்த விவரத்தை எழுதுகிறேன்.

பூங்காவில் ஊஞ்சலுக்குப் பக்கத்து பெஞ்சின் அடியில் கிடந்தது. உள்ளங்கை அகலத்தில் பழைய ஜிப் பர்ஸ். ஜிப்பின் இழுப்பான் உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு ஊக்கை மாட்டி வைத்திருந்தார்கள். உள்ளே நான்காக மடித்து ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுகள், ஒரு சின்னச் சாவி. பெயரோ தொலைபேசி எண்ணோ எதுவும் இல்லை. குழந்தைக்கு அது மிகப் பெரிய தொகை. எனக்கும் சாதாரணமாக விட்டுவிடக்கூடிய தொகை இல்லை.

"அம்மா, இது இப்போ நம்மளுதா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு உடனே "சேச்சே, அடுத்தவங்க பணத்தைத் தொடக் கூடாது" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவள் திருடவில்லை. கண்ணில் பட்டதை எடுத்து, நேராக என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள். அதனால் ஒரு கேள்வி கேட்டேன்: "இதைத் தொலைச்சவங்க இப்போ என்ன பண்ணிட்டு இருப்பாங்க?" கொஞ்சம் யோசித்து, "தேடிட்டு இருப்பாங்க" என்றாள். எங்கே தேடுவார்கள் என்றேன். "கடைசியா உட்கார்ந்த இடத்துல." சொல்லிவிட்டு அவளே போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பணம் யாருடையது என்று விவாதித்திருந்தால் வெகுநேரம் ஆகியிருக்கும். யார் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டதும் அடுத்து என்ன செய்வது என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது.

இருட்டும்வரை காத்திருந்தோம். அப்போது சுற்றியிருந்தவர்களிடம் "ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டோம். பர்ஸ் என்றோ பணம் என்றோ சொல்லவில்லை. இது முக்கியம். ஒருவர், "ஆமா, என் பணம்தான், குடு பாப்பா" என்று கையை நீட்டினார். பணம் என்பது ஊகிக்கக்கூடியதுதானே. "எதுக்குள்ள வச்சிருந்தீங்க?" என்று மகள் கேட்டாள். கவர் என்றார், அப்புறம் பை என்றார், அப்புறம் போய்விட்டார். பொருளைக் கேட்டு வருபவர்தான் அடையாளம் சொல்ல வேண்டும், வைத்திருப்பவர் சொல்லக் கூடாது என்பதை நான் விளக்கவே தேவையில்லாமல் போயிற்று.

பூங்கா வாசலில் இருந்த அலுவலகத்தில், "மேசையில வச்சிட்டுப் போங்க, யாராவது கேட்டா கொடுக்கறேன்" என்றார்கள். பதிவேடு இருக்கிறதா என்றேன். இல்லை. ஒரு தாளில் எழுதி கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்றேன். அதற்கும் முடியாது. சரி என்று என் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்து, யாராவது எதையாவது தேடிக்கொண்டு வந்தால் கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். எழுத்தில் எதுவும் வாங்காமல் குழந்தை கண்டெடுத்த பணத்தை யார் மேசையிலும் வைக்காதீர்கள். நாளைக்கு அந்தப் பணம் எங்கே போனது என்று அவள் கேட்டால், பதில் சொல்ல நம் கையில் ஒன்றும் இருக்காது.

வீட்டில்தான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. மாமியார், "குழந்தைக்குக் கிடைச்சது, அவ உண்டியல்லயே போடு" என்றார். என் தம்பி சொன்னது அதைவிட வலுவான வாதம். "அக்கா, போலீஸ்ல கொடுத்தா உரியவங்களுக்குப் போய்ச் சேரும்னு என்ன நிச்சயம்? கஷ்டப்படறவங்க யாருக்காவது கொடுத்துடு. புண்ணியமாவது மிஞ்சும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல மனசுள்ளவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் தானம் செய்ய அது நம் பணமாக இருக்க வேண்டும். தொலைத்தவரே கஷ்டப்படுகிறவராக இருந்தால்? ஜிப் உடைந்தும் ஊக்கு மாட்டி வைத்திருந்த அந்த பர்ஸைப் பார்த்தால், அது வசதியானவர் வீட்டுப் பொருளாக எனக்குத் தோன்றவில்லை.

"இந்தக் காலத்துல யாரும் திருப்பித் தர மாட்டாங்க" என்பது தம்பியின் அடுத்த வாதம். இதற்கு என்னிடம் பதில் இருந்தது. 2019இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, ஓட்டல், தபால் அலுவலகம், காவல் நிலையம் மாதிரி இடங்களின் வரவேற்பு மேசையில் "வெளியே கிடந்தது" என்று கொடுத்துவிட்டு வந்தார்கள். எத்தனை பேர் பர்ஸில் இருந்த முகவரி அட்டையைப் பார்த்து உரியவரைத் தொடர்புகொண்டார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பணமே இல்லாத பர்ஸ்களுக்குச் சுமார் 40 சதவீதம். பணம் இருந்தவற்றுக்குச் சுமார் 51 சதவீதம். மூன்று நாடுகளில் இன்னும் பெரிய தொகை வைத்துப் பார்த்தபோது அது 72 சதவீதம்வரை போனது. பணம் கூடக்கூட மனிதர்கள் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்தார்கள். எடுத்து வைத்துக்கொண்டால் தன்னையே திருடனாக நினைக்க வேண்டிவரும் என்ற உறுத்தல் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்னொரு விஷயமும் கண்டார்கள். பர்ஸில் ஒரு சாவி இருந்தால் திரும்பி வருவது கூடியது. சாவி தொலைத்தவருக்கு மட்டும்தானே பயன்படும். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகள் அந்தச் சின்னச் சாவியை எடுத்து, "இது என்ன பூட்டு சாவியா இருக்கும்?" என்று கேட்டாள். மாமியார் அதற்கப்புறம் உண்டியல் பேச்சை எடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். நாட்டுக்கு நாடு விவரங்கள் மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 71ஆவது பிரிவின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர், ஒருவர் நம்பிக் கொடுத்துவைத்த பொருளை வைத்திருப்பவருக்கு உள்ள அதே பொறுப்போடு அதைப் பாதுகாக்க வேண்டும். உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்யாமல் தனதாக்கிக்கொண்டால் குற்றம். ஜப்பானில் முறை தெளிவாக இருக்கிறது. 7 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 3 மாதத்துக்குள் உரியவர் தெரியவராவிட்டால் கண்டெடுத்தவருக்கே உரிமை. உரியவர் கிடைத்தால், 5 முதல் 20 சதவீதம்வரை வெகுமதி கேட்கலாம்.

இவற்றையெல்லாம்விட மகளுக்குப் பிடித்தது 1722இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு. புகைபோக்கி சுத்தம் செய்யும் சிறுவன் ஒருவனுக்குக் கல் பதித்த நகை கிடைத்தது. மதிப்புப் பார்க்க ஒரு பொற்கொல்லரிடம் கொண்டுபோனான். கடையில் இருந்த பையன் எடை பார்ப்பதுபோல் கல்லை எடுத்துக்கொண்டு வெறும் நகையைத் திருப்பிக் கொடுத்தான். சிறுவன் வழக்குப் போட்டு ஜெயித்தான். உண்மையான உரிமையாளரைத் தவிர மற்ற எல்லோரையும்விடக் கண்டெடுத்தவருக்குத்தான் உரிமை அதிகம் என்று தீர்ப்பு. இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: குழந்தை கண்டெடுத்த பணத்தில் பெற்றோருக்கும் பங்கு கிடையாது. "கொடு, அம்மா பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கி வீட்டுச் செலவில் கலந்துவிடுவது அந்தக் கடைப்பையன் செய்த வேலைதான். அதனால் அன்றிரவு பர்ஸை அவளே ஒரு கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதினாள். அலமாரியில் வைத்ததும் அவள்தான்.

காவல் நிலையத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்துப் போனோம். பணியில் இருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஆனாலும், "இதுக்கெல்லாம் எழுதிட்டு இருக்க முடியுமா? பாப்பா நல்ல பொண்ணா இருக்கே, நீயே வச்சுக்கம்மா" என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஒப்படைக்கும் வேலை முழுவதிலும் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இந்த ஒரு நிமிடம்தான். சீருடை போட்ட பெரியவரே வைத்துக்கொள் என்கிறார், அம்மா கூடாது என்கிறாள். குழந்தை யாரை நம்பும்? "சார், தொலைச்சவங்க இங்கே வந்து கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் பதிவேட்டை எடுத்தார்.

அப்புறம் எல்லாம் சரியாக நடந்தது. கவரை எங்கள் முன்னால் பிரித்து, நோட்டுகளை எண்ணி, பர்ஸின் நிறம், ஊக்கு, சாவி எல்லாவற்றையும் எழுதினார்கள். கிடைத்த இடமும் நேரமும் கேட்டார்கள். ஒப்படைத்தவர் என்ற இடத்தில் மகள் பெயரை எழுதச் சொன்னேன், பொறுப்பாளராக என் பெயர். அவளையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவளுக்குக் கையெழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. முழுப் பெயரையும், இனிஷியலோடு, பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் நிதானமாக எழுதினாள். முத்திரை வைத்த நகல் ஒன்று வாங்கிக்கொண்டோம். நீங்கள் போகும்போதும் நகல் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், யாரும் வராதபோது அதுதான் ஆதாரம்.

திரும்பி வரும் வழியில் அவள் முகம் வாடியிருந்தது. சக்கரக் காலணி வாங்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாளாம். ஆசைப்பட்டதில் எந்தத் தப்பும் இல்லை என்றேன். ஆசை வந்தும் கொடுத்தாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதே தொகையை நாமே கொடுத்துவிடலாம் என்று அவள் அப்பா சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிக் கொடுத்தால், கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு வியாபாரமாகிவிடும். ஆனால் பாராட்டுவதில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அவள் செய்ததை அவள் காதுபட பாட்டியிடமும் மாமாவிடமும் விவரமாகச் சொன்னேன். பயமுறுத்துவதைவிட இது வேலை செய்யும் என்று நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிவிட்டு உண்மை பேசுகிறார்களா என்று பார்த்தார்கள். பொய் சொன்னவனுக்குத் தண்டனை கிடைக்கும் கதைகளால் பலன் தெரியவில்லை. உண்மையை ஒப்புக்கொண்ட பிள்ளையைப் பாராட்டும் கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள்.

காத்திருந்த காலத்தில் அவ்வப்போது நகலை எடுத்துப் பார்ப்பாள். "யாரும் வரலைன்னா?" என்று கேட்பாள். விசாரித்து, முறைப்படி நமக்கே தரச் சொன்னால் அது உன்னுடையது, தரவில்லை என்றால் இல்லை என்று சொல்லியிருந்தேன். ஒருநாள் நிலையத்திலிருந்து போன் வந்தது. ஒருவர் வந்து சாவியையும் ஊக்கையும் சரியாக அடையாளம் சொல்லி வாங்கிப் போய்விட்டார். யார், எவர் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"ஒரு தேங்க்ஸ்கூட சொல்லலையே அம்மா" என்றாள். நியாயமான வருத்தம், அதை நான் சமாதானப்படுத்த முயலவில்லை. எனக்கும் அந்த வருத்தம் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

இதற்குப் பிறகு வந்தது சில்லறைக் காசு விவகாரம். சாலை ஓரத்தில் ஒற்றைக் காசு கிடந்தால் அதற்கும் காவல் நிலையமா? வேண்டாம் என்பதே என் பதில். 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆவது பிரிவிலேயே இதற்கு உதாரணம் இருந்தது: யாருடையது என்று தெரியாத ஒற்றை ரூபாயை நெடுஞ்சாலையில் கண்டு எடுப்பது குற்றமில்லை. பர்ஸ் கிடைத்து, பிறகு அது இன்னாருடையது என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டால் குற்றம். தொகையைவிட, தேடி வரக்கூடியவர் இருக்கிறாரா, அவரைக் கண்டுபிடிக்க வழியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்படியானால் வகுப்பறையில் கிடக்கும் காசு? அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் டீச்சரிடம் போக வேண்டும், தொலைத்த பிள்ளை அதே அறையில்தான் இருக்கும் என்றாள் மகள். பேருந்தில் என்றால் நடத்துநரிடம். கடையில் என்றால் கல்லாவில் இருப்பவரிடம். நடைபாதையில் கிடந்தால் அவளே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை மட்டும் அவள் இன்னும் முழுதாக ஏற்கவில்லை, முதலில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும் என்கிறாள்.