ஆடி மாத எண்ணெய்

14 ஜூலை 2024, ஞாயிறு

அப்பாவின் வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய கை. சட்டை போடும்போது இடது கையால் வலது கையைத் தூக்கி உள்ளே நுழைக்கிறார். உதவப் போனால், "விடு மக்களே" என்கிறார். எலும்பில் கோளாறில்லை, மூட்டு இறுகியிருக்கிறது என்று டாக்டர் பயிற்சித் தாள் ஒன்று கொடுத்தார். அது காலண்டருக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. அம்மா இருந்திருந்தால் இரவில் எண்ணெய் தடவி விட்டிருப்பாள். அவள் போய் மூன்று வருடம்.

17 ஜூலை, ஆடி 1

வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போனோம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள் இவை. ஆடியில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் மலையாள வழக்கமான கர்க்கடக உழிச்சல் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

முறிவெண்ணெயைச் சூடாக்கி, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார் ஆசான். "தொடலாமா?" என்று கேட்டபிறகுதான் கை வைத்தார். அப்பாவின் உடம்பு பலகைபோல் விறைத்தது. கழுத்தெலும்பை ஒட்டிய ஓரிடத்தை மட்டும் விரல் சுற்றிக்கொண்டு போயிற்று. வர்மம், அடிபட்டால் ஆபத்தாகும் உயிர்நிலை. நூற்றெட்டில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. எங்கே அழுத்தக்கூடாது என்பதுதான் படிப்பு என்றார். கால் மணி நேரத்தில் பலகையிலேயே குறட்டை கேட்டது. அந்தக் குறட்டையைக் கேட்டு எனக்கு ஏனோ வெட்கமாக இருந்தது.

"ஏழு நாள் நான். பிறகு நீதான்."

24 ஜூலை

என் முறை. தேய்க்க ஆரம்பித்ததும் அப்பா சொன்னார்: "பைக்கா துடைக்கிறாய்?"

எனக்கு நாற்பத்தாறு வயது. பெரிய பரீட்சைகளுக்கு முன் அவர் காலைத் தொட்டிருக்கிறேன். அதைத் தவிர அவரைத் தொட்டதாக நினைவில்லை.

25 ஜூலை

இரவில் தேடிப் படித்தேன். சுவீடனில் ஹோகன் ஓலவ்சன் முதலியோர் ஆராய்ந்த ஒரு வகை நரம்பிழை தோலில் இருக்கிறது. குத்தல், கிள்ளல் அதன் வேலையில்லை. மெல்லிய வருடலைத்தான் எடுத்துச் செல்லும். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை வேகம் என்றால் நன்றாகத் துடிக்கும், அதுவும் தோலின் வெப்பத்தோடே கை இருக்கவேண்டும். முடியுள்ள தோலில்தான் இவை நிறைய. ஆசான் எண்ணெயைச் சூடாக்கியது எதற்கு என்று கொஞ்சம் புரிந்தது.

அளவுநாடா எடுத்தேன். அப்பாவின் தோளிலிருந்து முழங்கை வரை 30 சென்டிமீட்டர். நொடிக்கு மூன்று வைத்தால் பத்து எண்ணவேண்டும். எண்ணிக்கொண்டே இறக்கினேன். நான்காவது தடவைக்குள் தோள் தானாகக் கீழே இறங்கியது. "இப்போது சரி" என்றார்.

28 ஜூலை, ஞாயிறு

நாகர்கோவிலில் ஒரு மசாஜ் நிலையத்தின் பலகை: தசையில் தேங்கிய அமிலத்தை வெளியேற்றுமாம். 2012இல் கனடாவில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்துவிட்டு, தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லாக்டிக் அமிலத்தில் மாற்றமே இல்லை. அழற்சிக்கான அறிகுறிகள்தான் குறைந்திருந்தன. உள்ளதைச் சொன்னாலே ஆள் வரும். எதற்கு இந்தப் பொய்?

பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. ஆசான் தொடவே இல்லை. ரத்தம் கட்டியிருக்கலாம், பிடித்துவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் என்று சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

2 ஆகஸ்ட்

அப்பாவின் கை காது வரை வருகிறது. பயிற்சித் தாளும் காலண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டது, ஆகவே முழுப் பெருமையையும் எண்ணெய்க்குக் கொடுக்கமாட்டேன். அவர் தூங்குவது மட்டும் நிச்சயம் கூடியிருக்கிறது.

2006இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் செய்த சோதனை ஒன்றும் கண்ணில் பட்டது. மணமான 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மின்அதிர்ச்சி வரும் என்று மிரட்டினார்கள். கணவன் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் பயப்பகுதிகள் அடங்கின. முன்பின் தெரியாதவர் கையும் ஓரளவு உதவியது. அம்மா போன இரவில் அப்பா திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பந்தல்காரரிடம் கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி அமாவாசை. வாவு நாளில் எண்ணெய் கூடாது என்று அப்பா நேற்றிரவே சொல்லிவிட்டார். விடியும் முன் குழித்துறைக்குப் போனோம். மழையில் படித்துறை வழுக்கியது, எங்கள் பக்கத்துத் தாமிரபரணியில் (நெல்லையின் ஆறு அல்ல) தண்ணீர் செம்மண் நிறம். அம்மாவுக்குப் பலி (பிண்டம்) போட்டு முங்கி எழுந்தேன். மேல்படியில் நின்றிருந்த அப்பா கையை நீட்டினார். வலது கை. என் முன்கையைப் பிடித்துக்கொண்டார், யார் யாரைத் தாங்கினோம் என்று தெரியவில்லை.

சாலைக்கு வந்த பிறகும் விடவில்லை. வாவுபலிக் கடைகளில் செடி விற்கும் இடத்தில் நின்று, இடது கையால் ஒரு நல்லமிளகுக் கொடியைத் தூக்கிப் பார்த்து விலை பேச ஆரம்பித்தார்.