எண்ணெய் கேன், தயிர் டப்பா, பாட்டில் நாடா: ஆறு வாரக் கூத்து

என் மாமியார் எந்த டப்பாவையும் தூக்கிப் போட மாட்டார். பரணில் ஒரு கோணி நிறைய இருந்தது: தயிர் டப்பா, 5 லிட்டர் எண்ணெய் கேன், ஐஸ்கிரீம் டப்பா, கலர் (கூல்டிரிங்க்ஸ்) பாட்டில். 2019 ஜனவரியிலிருந்து கடைக் கவரும் பிளாஸ்டிக் டம்ளரும் தமிழ்நாட்டில் தடை. ஆனால் எண்ணெயும் தயிரும் இதே டப்பாக்களில்தானே வீட்டுக்கு வருகின்றன, கோணி நிரம்பாமல் என்ன செய்யும்? வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனைக் காயலான் கடையில் மொத்தக் கோணிக்கும் சொன்ன விலை இரண்டு டீக்குக்கூடக் காணவில்லை. அந்த ரோஷத்தில் ஆரம்பித்ததுதான் இது.

முதல் ஞாயிறு, சித்திரை மாசம். ஆறு தயிர் டப்பாவைக் கழுவி, அக்ரிலிக் பெயிண்ட் அடித்து, புள்ளிக் கோலம் போட்டு, புதினா நட்டேன். இரண்டு நாள் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றும்போது விரல் பட்ட இடத்தில் பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரிந்து வந்தது.

டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தது. அது பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் நம்பர். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது, ஃபெவிகாலும் ஒட்டாது. எண்ணெய் தடவின தோசைக்கல்லில் தண்ணீர் தெறித்து ஓடுவது போலத்தான். 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தால் கொஞ்சம் நிற்கிறது, ஆனால் நகம் பட்டால் போச்சு. அதோடு பெயிண்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். பழைய புடவைக் கரையைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டால் அதைவிட அழகாகவே இருக்கிறது.

அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் வந்தது. தண்ணீர் பாட்டில், கலர் பாட்டில் எல்லாம் 1, அதாவது பெட் (PET) என்கிற பிளாஸ்டிக். எங்கள் வீட்டு வெள்ளை எண்ணெய் கேன் 2. நம்பர் அழிந்து போனால் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போடுகிறேன். 2, 4, 5 மூன்றும் மிதக்கும், 1 மூழ்கும். பாட்டில் மூழ்கி அதன் மூடி மட்டும் மிதந்ததைப் பார்த்து மாமியாரே, "இன்னாம்மா, ஒரே பாட்டில்ல ரெண்டு சாதியா?" என்றார்.

மூன்றாம் வாரம் நாற்றுத் தொட்டி. இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை கொஞ்சம் கையில் இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மொட்டை மாடியில் நாற்று காப்பாற்றுவது லேசா? ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் சருகுதான். அதனால் 2 லிட்டர் பாட்டிலைக் குறுக்கே பாதியாக வெட்டினேன். மேல் பாதியைத் தலைகீழாகக் கீழ்ப்பாதிக்குள் செருகி, மூடியில் ஓட்டை போட்டுத் திரியை விட்டேன். மேலே மண், கீழே தண்ணீர், திரி தானே உறிஞ்சிக் கொடுக்கும். முதல் திரி பாலியஸ்டர் புடவைத் துணி. தண்ணீர் ஏறவே இல்லை. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து முறுக்கி விட்டதும் ஒரு மணி நேரத்தில் மண் ஈரமாகிவிட்டது. வெறும் களிமண் இறுகிவிடும் என்பதால் பாதிக்குப் பாதி தென்னை நார்க் கழிவு கலந்தேன்.

வெயில் பட்டதால் கீழ்த் தண்ணீரில் பாசி பிடித்தது. கறுப்புத் துணியைச் சுற்றியதும் நின்றது. கொசுப் புழு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. வாரம் ஒரு முறை கீழ்ப்பாதியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன். இடுக்கையும் துணியால் அடைத்திருக்கிறேன்.

மூடியில் ஓட்டை போட முதலில் கம்பியைக் காய்ச்சிக் குத்தினேன். கிளம்பிய புகையில் தலைவலியே வந்துவிட்டது. இப்போது கை டிரில்தான்.

எண்ணெய் கேன் கதை சின்னது. பிடியை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினால் மண் அள்ள அருமையான முறம். போன வருஷம் முழுக்க மாடியில் வெயிலில் கிடந்த ஒரு கேனையும் வெட்டப் பார்த்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. நிழலில் இருந்தவை மட்டும் வேலைக்கு ஆகும்.

இப்போது கையில் இருப்பது கூடை. பென்சில் சீவும் துருவியின் பிளேடைக் கழற்றி, மரக்கட்டையில் இரண்டு வாஷருக்கு நடுவே வைத்து முடுக்கினேன். அடி வெட்டிய பாட்டிலை அதில் கொடுத்து இழுத்தால், ஆப்பிள் தோல் சீவுகிற மாதிரி ஒரே நாடாவாக வருகிறது. 1 லிட்டர் பாட்டிலில் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஏழு மீட்டர் தேறியது. ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், துணிக் கையுறை கட்டாயம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒயர் கூடை போடுவதில் கெட்டிக்காரர். நெல்லிக்காய் முடிச்சு போட்டுப் பார்த்தார். நாடா ஸ்பிரிங் மாதிரி விரிந்து விரிந்து வந்தது. "இது சொன்ன பேச்சு கேக்காது, பாய் மாதிரி பின்னிப் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னது சரி. மேலொன்று கீழொன்றாகப் பின்னினால் படிந்து உட்காருகிறது. பெட் சூட்டில் சுருங்கும் என்பதால், பின்னி முடித்த ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் படாமல் தள்ளிக் காட்டினேன், நாடா இறுகிப் பிடித்துக்கொண்டது. ஒரு இடத்தில் கிட்டே கொண்டுபோய் நூலளவுக்குச் சுருண்டும் போனது.

ஒன்பது பாட்டில் போய், கூடை ஒரு சாண் உயரம் வந்திருக்கிறது. நேற்று இரண்டு கிலோ வெங்காயம் போட்டுத் தூக்கினேன். கூடை தாங்கியது, பிடிதான் உருவிக்கொண்டு வந்தது. வெங்காயம் மாடிப்படி முழுக்க உருண்டது. எண்ணெய் கேனின் பிடியையே அறுத்து வைத்துக் கட்டலாமா என்று யோசனை. அதற்கு இன்னொரு நல்ல கேன் வேண்டும். இருக்கிற ஒன்றில் மாமியார் புளி போட்டு வைத்திருக்கிறார்.