பலகை பலகையாக மாற்றிய பாட்டு

கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பல் புதிர் பலருக்கும் தெரிந்திருக்கும். ஏதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலைக் காப்பாற்ற, உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுசை அடித்துக்கொண்டே வந்தார்கள், அது இன்னும் அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் விவாதித்தார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இதைப் பாட்டில் செய்து பார்க்கலாம் என்று நண்பர்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு போட்டோம். இப்படிக் கூட்டாகச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் ஹிந்தோள ராகத்தில், ஒரு கட்டை சுருதியில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு), ஆறு அடுக்கில் ஒரு பாட்டு செய்தேன்: தம்புரா, குரல், வயலின், மிருதங்கம், பேஸ், கீபோர்ட். அடுத்தவர் என் அடுக்குகளில் மிஞ்சியிருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்து, அதற்கடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஆறு பேர் முடித்ததும் என் பதிவில் எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு கட்டமும் ஒரு டிராக். டெம்போ நிமிடத்துக்கு 84 தட்டு, அதை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். அதுவும் ஒரு பலகைதானே, ஏன் மாற்றக்கூடாது என்று மிருதங்கக்காரர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார், அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஃபைல் விஷயத்தில் ஒன்றே ஒன்று: எல்லா ஸ்டெம்மும் (ஒவ்வொரு அடுக்கின் தனி ஃபைல்) பாட்டின் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்படி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாகவே வாங்குங்கள். எம்பி3 ஆக்கும்போது முன்னால் துளி மௌனம் சேர்ந்துவிடும், அப்புறம் தாளம் ஒட்டாது.

நான் எதிர்பார்க்காதது நாதஸ்வரத்தில் நடந்தது. வயலினுக்குப் பதில் நாதஸ்வரம் வைக்க ஒருவர் வந்தார், அவருடைய வாத்தியம் இரண்டரை கட்டை. ஒரு கட்டைப் பாட்டில் எப்படி வாசிப்பது? கம்ப்யூட்டரில் சுருதியை இறக்கினால் நாதமே செத்துப்போகும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஹிந்தோளத்தின் காந்தாரமே (க) தன் சட்ஜம் (ஸ) என்று எடுத்துக்கொண்டு சுத்த சாவேரி ராகம் வாசித்தார். ஐந்து ஸ்வரமும் அப்படியே பொருந்தின, கிரக பேதம் செய்த வேலை, அதாவது ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் அதே ஸ்வரங்கள் இன்னொரு ராகமாகிவிடும். சரி, அதோடு முடிந்தது என்று பார்த்தால், அடுத்து வந்தவர் தம்புராவை எடுத்துவிட்டு இரண்டரை கட்டையில் புதுத் தம்புரா போட்டார். வேறு ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, நான் பாடிய குரல் அப்போது இன்னும் உள்ளேதான் இருந்தது, ஆனால் மொத்தப் பாட்டும் சுத்த சாவேரியாகக் கேட்டது, என் கமகங்களில் (ஸ்வரங்களை அசைத்துப் பாடுவதில்) மட்டும் ஹிந்தோளத்தின் வாசனை. பலகைகள் எல்லாம் போனால்தான் கப்பல் மாறும் என்று நினைத்திருந்தேன், தம்புரா தரும் ஆதார சுருதி ஒன்று நகர்ந்ததும் மாறிவிட்டது. இந்தத் தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்த டிராக் அதுதான்.

பிற்காலத்தில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இந்தப் புதிரை இன்னும் முறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? நாங்களும் கழற்றிய அடுக்குகளைச் சேர்த்தோம். அது என் முதல் பாட்டேதான். அதனால் அதைத் தொகுப்பின் தொடக்கத்தில் வைக்காமல் கடைசியில் வைத்தோம், கேட்பவர்கள் மாறிய பாட்டுகளைத் தாண்டித்தான் அசலுக்கு வருவார்கள்.

அதிகம் பேசவேண்டியிருந்தது பெயர் போடுவதைப் பற்றி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இசை ஆக்கத்துக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறு உரிமை. ஒலிப்பதிவில் குழப்பமில்லை, எந்த டிராக்கில் யார் பதிவு ஒலிக்கிறதோ அவர்கள் பெயர். ஆக்கத்தில், அதுவரை கைவைத்த எல்லோர் பெயரும் வரிசையாக வரும், வருகிற பணம் சமமாகப் பிரியும் என்று வெளியிடும் முன்பே எழுதிக் கையெழுத்து போட்டுக்கொண்டோம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறாவது டிராக்கில் என்னுடையது ஒரு ஒலிகூட இல்லையே, ஆக்கியோர் வரிசையிலிருந்து என் பெயரை எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மற்ற ஆறு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை, பெயர் அப்படியே இருக்கிறது.