மூன்று மாதம் முந்திப் பிறந்ததால் கிடைத்த பாஸ்போர்ட்

பதினான்கு மாத அலைச்சலுக்குப் பிறகு சென்ற வாரம் என் பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வந்து சேர்ந்தது. என்னைப் போல இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்த வேறு சிலரும் விவரம் கேட்பதால் எழுதுகிறேன். இந்த வழி 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பெற்றோர் எந்த நாட்டவர் என்று பார்க்காமல், அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்தவர்களைக் குடிமக்களாகவே கருதுகிறது. நான் 1987 மார்ச் கடைசியில் பிறந்தவன்.

இணையத்தில் விண்ணப்பித்ததும் 1,500 ரூபாய் கட்டியதும் ஒரு மாலை வேலை. பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஆவணங்களை வாங்கிக்கொள்ளும் ஏ கவுண்டரும் சிக்கலில்லாமல் முடிந்தது. அவற்றைச் சரிபார்க்கும் பி கவுண்டரில் இருந்தவர் என் ஆதாரைப் பார்த்து, முகவரியில் இருந்த ‘முகாம்’ என்ற சொல்லின் மேல் பேனா முனையை வைத்து, “நீங்க சிலோன்காரங்களாச்சே, இந்தியன்னு எப்படிப் போட்டீங்க?” என்று கேட்டார். பிறந்த தேதியைக் காட்டினேன். அவர் அடுத்ததாகப் பிறப்புச் சான்றிதழைப் புரட்டினார், அங்கேதான் என் தவறு அகப்பட்டது: குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே இருந்தது. அரசு மருத்துவமனையில் பிறந்த அன்றே பதிவு செய்திருந்தார்கள். பெயரைச் சேர்க்க அதன்பின் யாரும் போகவில்லை.

பெயரைச் சேர்க்கப் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். முதல் முறை பதிவேடு வேறு அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள், இரண்டாம் முறை எழுத்தர் விடுப்பு. அந்த இரண்டாம் பயணம் முகாமில் செக்கிங் நாளாக, அதாவது மாதாந்தரத் தலைக்கணக்கெடுப்பு நாளாக அமைந்து, கையெழுத்துப் போட ஆளில்லாமல் அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடையும் அந்த மாதம் நின்றது. ஆகவே செக்கிங் நாளைக் கேட்டுக்கொண்டு அலுவலகங்களுக்குப் புறப்படுங்கள், முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சான்றிதழ் சரியான பிறகு, அகதிகளைக் கண்காணிக்கும் காவல்துறை உளவுப் பிரிவான கியூ பிரிவின் விசாரணை வந்தது. வந்தவர் மரியாதையாகவே பேசி, தேநீரும் குடித்துவிட்டு, ‘இலங்கை அகதி’ என்று அறிக்கை அனுப்பிவிட்டார். விளக்கம் கேட்டுப் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தபோது உண்மையில் உடைந்துபோனேன். அப்போது கைகொடுத்தது, முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் பிறப்பித்த உத்தரவு. அதன் நகலையும் 3-ஆவது பிரிவின் வாசகத்தையும் இணைத்து ஒரே பக்கத்தில் பதில் எழுதினேன். நேர்காணலுக்கு அழைத்த அதிகாரி அந்தப் பிரிவை இரண்டு முறை படித்துவிட்டு, “இது சரிதான்” என்று மட்டும் சொன்னார். முகாம் கஷ்டங்களை எழுதிப் பக்கங்களை நிரப்பாதீர்கள், தேதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இலங்கைத் துணைத் தூதரகத்தில் குடியுரிமைக்குப் பதிந்திருந்தால் மட்டும், விண்ணப்பிக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றதாகக் கொண்டால் இந்த உரிமையே போய்விடக்கூடும்.

என் தம்பி அதே மருத்துவமனையில் 1988-இல் பிறந்தவன். அவனுக்கு இந்தக் கதவு கிடையாது, ஏனென்றால் 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றால், 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லத்தக்க ஆவணமின்றி வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது. படகில் மண்டபத்தில் வந்து இறங்கிய அப்பாவையும் அம்மாவையும் அரசே பதிவு செய்து, அரிசியும் பணக்கொடையும் கொடுத்து, மாதந்தோறும் தலையெண்ணி வந்த பிறகும் அந்தச் சொல்தான் அவர்களுக்கு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. பதிவு பெற்ற இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, ஆவணமின்றி வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு கிடைத்ததை எல்லோரும் கொண்டாடினார்கள். தண்டிக்க மாட்டோம் என்பதும் குடிமகன் என்பதும் வேறு வேறு என்று தம்பிதான் சொன்னான்.

பாஸ்போர்ட் வந்த மூன்றாம் நாள் செக்கிங். ஆர்.ஐ. அதை வாங்கி முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார், இந்தியக் குடிமகனை முகாம் பதிவேட்டில் என்ன செய்வது என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதுவரைக்கும் பழைய வரிசை எண்ணிலேயே கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டுவிட்டு வந்தேன்.