இழை படர்ந்த வயல்

காலையில் போனில் ஒரு வீடியோ. கிழக்கு உக்ரைனில் ஒரு வயல். புல் முழுக்க, சிலந்தி வலை போல, வெயிலில் மின்னும் மெல்லிய இழைகள்.

எல்லாம் கண்ணாடி இழை. ரேடியோ அலையை எதிரி முடக்கிவிடுகிறான் என்பதால், ட்ரோன்கள் இப்போது பல கிலோமீட்டர் இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கின்றன; கட்டளை அந்த இழை வழியே போகிறது. இதை முதலில் பரவலாகக் கொண்டுவந்தது ரஷ்யா. உக்ரைன் அடி வாங்கிக் கற்றுக்கொண்டது.

2024-இல் உக்ரைனில் ட்ரோன்களுக்கென்றே தனிப்படை தொடங்கினார்கள், தரைப்படை, கடற்படை மாதிரி.

அடுத்த ஆண்டு, தற்காலிகத் தலைமைகளின் கீழ் அல்லாடிய படையணிகளை நிரந்தர கார்ப்ஸ்களாக, அதாவது பல படையணிகள் ஒரே தலைமையின் கீழ் இயங்கும் பெரும் பிரிவுகளாக, திரட்டத் தொடங்கினார்கள்.

சரி, நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் ஒரே கார்ப்ஸின் படையணிகள் வெவ்வேறு மூலைகளில் சண்டையில் நிற்கின்றன. ஒன்றை நகர்த்தினால் அங்கே ஓட்டை விழும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். அனுபவமுள்ள பழைய படையணிகள் ஆளில்லாமல் தவிக்கும்போதே புதியவற்றை உருவாக்கிக்கொண்டு போனார்கள். பிரான்ஸில் பயிற்சி பெற்ற 155-வது படையணியில், போர்முனைக்குப் போகும் முன்பே நூற்றுக்கணக்கானோர் ஓடிவிட்டார்கள்.

புதியவற்றில் சேர்த்த ஆட்களைப் பழைய படையணிகளுக்கு அனுப்பியிருந்தால், 2022-இலிருந்து பதுங்குகுழியில் கிடப்பவர்களில் சிலராவது வீட்டுக்குப் போய்வந்திருப்பார்கள்.