பழைய பி.சி. தேற்றல்: இதுவரை ஆன வேலை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து, தேறுவதைத் தேற்றி, அவிநாசிப் பக்கம் ஒரு ஊர்ப் படிப்பகத்துக்குக் கொடுக்கிற வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. எல்லாம் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. விண்டோஸ் 11 கேட்கிற எட்டாம் தலைமுறை ப்ராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இதில் கிடையாது. அதனால் கழித்தார்களே தவிர, ஓடாமல் இல்லை.

"எடைக்குத்தானுங்க போடறோம், எடுத்துட்டுப் போங்க. ஆனா கணக்கு வழக்கெல்லாம் அதுக்குள்ளதான் இருக்குதுங்க" என்று மேனேஜர் இழுத்தார். பயம் நியாயமானதுதான். குவிக் ஃபார்மட் அடித்தால் டேட்டா அப்படியே கிடக்கும்; ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டால் டேலி ஃபோல்டர் எழுந்து வந்துவிடும். டிஸ்க்கைத் துடைக்கிற என்வைப் (nwipe) சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் போட்டு, டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுத விட்டேன். 500 ஜிபி டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரம்போல ஆகும், சாப்பிட்டுவிட்டு வரலாம். சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இது போதாது. உள்ளே ஒதுக்கி வைத்த பகுதிகளுக்கு இந்த எழுத்து எட்டாது, டிஸ்க்கே தன்னை முழுக்கத் துடைத்துக்கொள்ளும் செக்யூர் இரேஸ் கட்டளைதான் கொடுக்க வேண்டும். முதல் டிஸ்க்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் மேனேஜர் மற்றதையும் தூக்க விட்டார்.

கேபினட்டைத் திறந்தால் பஞ்சு. பனியன் ஊரில் வேறென்ன இருக்கும்! ப்ராசஸர் ஃபேனைக் கழற்றினால், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் படிந்த பஞ்சு கம்பளித் துண்டு மாதிரி ஒரே தகடாக உரிந்து வந்தது. "ஸ்லோ ஆயிருச்சு" என்று ஓரங்கட்டியதில் சிலது இந்தச் சூட்டால்தான் திணறியிருக்கிறது. சூடு ஏறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போகும். ப்ராசஸர் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது; அதைத் துடைத்துப் புதிதாக வைத்தேன்.

டிஸ்ப்ளே வராமல் பீப் அடித்ததில் பாதி, ராமைக் கழற்றி அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் எழுந்துவிட்டது. தேதி பின்னால் போய், எந்த வெப்சைட்டும் திறக்காமல் சான்றிதழ் பிழை காட்டியதற்கு மருந்து, போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 காசு பேட்டரி. மாற்றினால் தீர்ந்தது.

எல்லாவற்றையும் தேற்ற ஆசைப்படக் கூடாது. மூன்று அரைகுறை மிஷின் கொடுப்பதைவிட, ஒன்றை உடைத்து மற்ற இரண்டை உருப்படியாக்கிக் கொடுப்பது மேல். எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி) கெப்பாசிட்டர் உப்பியிருந்ததை அப்படித்தான் பிரித்தேன். அதன் ராம் இன்னொன்றுக்குள் போய் 8 ஜிபி ஆனது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சின்ன எஸ்எஸ்டி போட்டதும் ஆளே மாறிவிட்டது.

விண்டோஸுக்குப் பதில் போட்ட ஓஎஸ், லினக்ஸ் மின்ட் 22; அதிலும் பழைய மிஷினுக்கு லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் வரும். மொழி தட்டச்சுக்கான ஐபஸ் சாஃப்ட்வேரில் எம்17என் என்ற கீபோர்டுத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 கீபோர்டு கிடைக்கிறது, பழைய டைப்ரைட்டர் கீபோர்டும் கூடவே வருகிறது. படிப்பகத்தில் இன்டர்நெட் இல்லை என்பதால் நெட் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் சாஃப்ட்வேரில் தமிழ் விக்கிபீடியாவை இறக்கிப் போட்டிருக்கிறேன்.

கொண்டுபோய் வைத்ததும் அங்கே பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "ஏன் தம்பி, கரண்டு போனா?" கம்ப்யூட்டர் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காத இடம் இது. யுபிஎஸ்ஸும் ஆபீஸிலிருந்தே வந்தது, பேட்டரி மட்டும் செத்திருந்தது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி புதிதாக வாங்கி மாட்டினேன். இந்த வேலையில் எஸ்எஸ்டிக்கு அடுத்து என் கைக்காசு போனது அதற்குத்தான்.

மிச்சம் இருப்பது இரண்டு குண்டு மானிட்டர், பழைய டிவி மாதிரி பிக்சர் டியூப் உள்ளவை. கண்ணாடியில் ஈயம் இருப்பதால் பழைய இரும்புக் கடைக்குப் போட மனசில்லை. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளர் யாருக்காவது கொடுக்கும்வரை ஷெட்டில் கிடக்கட்டும்.

படிப்பகத்தில் இப்போது பிரிண்டர் கேட்கிறார்கள். இங்க்ஜெட் வேண்டாம், ஓட்டாமல் வைத்தால் ஹெட் காய்ந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். லேசர் பிரிண்டரின் டோனர் பொடிக்கு அந்தத் தொல்லை இல்லை, பழைய லேசர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.