சித்திரை ஒண்ணாந்தேதி மீன் கம்பெனி

என் மச்சானுக்கு ஐடியாவுக்குப் பஞ்சமே கிடையாது. தேதிதான் இடிக்கும்.

இந்தத் தடவை மீன் ஹோம் டெலிவரி. கடலூர் முதுநகர் துறைமுகத்துல விடியக்காலம் ஏலத்துல எடுத்து, ஆய்ஞ்சு, ஐஸ் போட்டு, மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர்னு வீட்டுக்கே கொண்டு போய்க் குடுக்கிறது. ஐடியால குறையே சொல்ல முடியாது. தெர்மாகோல் பெட்டி வந்தாச்சு, எலெக்ட்ரானிக் தராசு வந்தாச்சு, வஞ்சிரம் படம் போட்ட டி-ஷர்ட்டும் வந்தாச்சு. உத்துப் பார்த்தா அது வஞ்சிரம் இல்ல, சால்மன். நெட்ல எடுத்த படமாம்.

"திறப்பு விழா எப்படா?"

"ஏப்ரல் 14 மாமா. சித்திரை ஒண்ணு. ஜோசியரே குறிச்சுக் குடுத்துட்டாரு."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க அக்கா ஆரத்தித் தட்டோட வந்துட்டா. தம்பி விஷயத்துல எனக்குப் பேச்சுரிமை அவ்வளவுதான்.

வருஷப் பிறப்பன்னைக்கு எவன் வீட்டுல மீன் குழம்பு கொதிக்கும்? ஊரே வடை, பாயசம், மாங்காய் பச்சடின்னு இருக்கு. கம்பெனி வாட்ஸப்புக்கு மெசேஜ் வராம இல்ல. எல்லாமே 'இனிய புத்தாண்டு நல்வாழ்த்துகள்'.

அன்னைக்கு ராத்திரியோட தடைக்காலமும் வந்துடுச்சு. மீன் இனப்பெருக்கக் காலம்னு ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்னே 45 நாளா இருந்ததை 2017ல 61 நாளாக்கிட்டாங்க. கடலூர்லயே பொறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதான்னு கேட்டேன்.

"அது போட்டுக்காரங்களுக்குத்தானே மாமா?"

மறுநாள் தேவனாம்பட்டினத்துலேர்ந்து வழக்கமா வர்ற மீன்காரம்மா எங்க வாசப்படியில கூடையை இறக்குச்சு. ஃபைபர் போட்டுக்குத் தடை இல்லைங்கிறதால கொஞ்சம் சங்கராவும் கிழங்கானும் இருந்துச்சு. வெலையைக் கேட்டு என் பொண்டாட்டி ரெண்டு படி மேல ஏறி நின்னுக்கிட்டா. மச்சான் மட்டும் கீழ குந்தி, எப்ப ஆரம்பிச்சா சரியா வரும்னு யோசனை கேட்டான். ஏலத்துல தினம் நிக்கிற ஆளுகிட்ட இதைப் பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம். ஜோசியருக்குக் குடுத்த தட்சணையாவது மிஞ்சியிருக்கும்.

அந்தம்மா செதிலைச் சுரண்டிக்கிட்டே, தலையை நிமிர்த்தாம சொல்லுச்சு: "ஜூன் 15 போட்டு போவும். வெல எறங்க இன்னும் கொஞ்ச நாளு ஆவும். ஆடில கூழு ஊத்துவாங்க, கருவாட்டுக்குத்தான் கிராக்கி. பொரட்டாசில பாதி ஊரு கவுச்சி தொடாது. ஐப்பசி, கார்த்திகைல புயலு. கார்த்திகை, மார்கழில சபரிமலைக்கு மாலை போட்டிருப்பாங்க. நீ தை பொறக்கட்டும், வா."

பய விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தான். "அப்ப வருஷத்துல மூணு மாசந்தான் யாவாரமாக்கா?"

"எனுக்குப் பன்னெண்டு மாசமும் உண்டு. மீன் இல்லன்னா கருவாடு விப்பேன். நீ சட்டையில மீன விட்டுருக்க." கத்தியை ஒரு தரம் கழுவிட்டு டி-ஷர்ட்டைப் பார்த்துச்சு. "ஆமா, இது இன்னா மீனு?"

கம்பெனியை அவன் மூடல, தைக்குத் தள்ளி வச்சிருக்கான். அதுவரைக்கும் அந்தம்மாகிட்ட நெத்திலிக் கருவாடு வாங்கி, பாக்கெட் போட்டு, அதே வாட்ஸப்புல விக்கிறான். ஆர்டரும் வருது. பெரிய டெர்ம்ஸ் எல்லாம் பேசிப் பார்த்தான், நடக்கல. தெரு முழுக்கக் கடன் குடுக்கிற அந்தம்மா இவனுக்கு மட்டும் ரொக்கந்தான்.